ஒரே நாளில் இரண்டு பாகங்கள்: ‘ரிங்கு’வும் கைவிடப்பட்ட ‘ரசெ’னும்

1998 ஜனவரி 31 அன்று ஜப்பானில் ஒரே நுழைவுச்சீட்டுக்கு இரண்டு படங்களைக் காட்டினார்கள். முதலாவது ஹிதேயோ நகாதா இயக்கிய ‘ரிங்கு’. அடுத்தது ஜோஜி ஈதா இயக்கிய ‘ரசென்’. சுருள் என்று பொருள். அது முதல் படத்தின் தொடர்ச்சி. ஒரு திகில் படம் ஓடி, வசூலை எண்ணி முடித்த பிறகு இரண்டாம் பாகத்துக்குப் பூஜை போடுவதே உலக வழக்கம். இங்கோ முதல் பாகம் பிழைக்குமா என்று தெரியும் முன்பே இரண்டாம் பாகமும் பெட்டிக்குள் தயாராக இருந்தது. முதல் படம் பெருவெற்றி பெற்றது. இரண்டாவதை ரசிகர்கள் ஏற்கவில்லை. ஆகவே அது நடக்கவே இல்லை என்று தயாரிப்புத் தரப்பு முடிவு செய்துவிட்டு, 1999 ஜனவரியில் நகாதாவைக் கொண்டே வேறொரு இரண்டாம் பாகத்தை வெளியிட்டது.

இந்த ‘ரசென்’ பற்றி எங்கள் நண்பர் குழுவில் நெடுநாளாக ஒரு வழக்கு தீராமல் கிடக்கிறது. அது குப்பை என்பது ஒரு கட்சி. எத்தனை பாகங்கள் வந்தாலும் அசலுக்கு ஈடாக எதையாவது சொல்லத் துணிந்தது அது ஒன்றுதான் என்பது மறு கட்சி. இரண்டு கட்சிகளிலும் மாறி மாறி இருந்தவர்கள் என்ற உரிமையில் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஓர் ஒளிநாடாவைப் பார்ப்பவர்கள் ஏழு நாட்களில் இறந்துபோகிறார்கள். ரெய்கோ என்ற பத்திரிகையாளர் அதைத் தேடிப் போய்ப் பார்த்துவிடுகிறார்; அவருடைய சிறுவயது மகனும் பார்த்துவிடுகிறான். பிரிந்துபோன கணவர் ரியூஜியின் துணையோடு, கிணற்றில் தள்ளிக் கொல்லப்பட்ட சதாகோ என்ற பெண்ணின் எலும்புகளைக் கண்டெடுக்கிறார். ஆவி அடங்கிவிட்டது என்று நாமும் மூச்சு விடுகிறோம். அப்போதுதான் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து சதாகோ ஊர்ந்து வெளியே வருகிறாள், ரியூஜி இறக்கிறார். ரெய்கோ தப்பியது எலும்பைக் கண்டெடுத்ததால் அல்ல. நாடாவைப் பிரதி எடுத்து வேறொருவருக்குக் காட்டியதால். மகனைக் காப்பாற்ற அவர் தன் தந்தையின் வீட்டை நோக்கிக் காரை ஓட்டுவதோடு படம் முடிகிறது.

தமிழில் ‘பிரதி’ என்ற சொல்லுக்கு நகல் என்றும் பொருள், எழுத்துப் படைப்பு என்றும் பொருள். விமர்சகர்கள் தேய்த்துத் தேய்த்துச் சலிப்பூட்டிய சொல்தான். ஆனாலும் இந்தக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஏன் என்பது ‘ரசெ’னுக்கு வரும்போது புரியும்.

படங்களுக்கு மூலம் கோஜி சுஸுகியின் நாவல்கள். ‘ரிங்கு’ 1991இல் வந்தது, ‘ரசென்’ 1995இல், மூன்றாவதான ‘லூப்’ 1998இல். நாவலில் புலனாய்பவர் ஆண். மனைவியும் கைக்குழந்தையும் உள்ள நிருபர். அவரைத் தாயாக மாற்றியது திரைக்கதையாசிரியர் ஹிரோஷி தகாஹாஷி செய்த மாற்றம். தொலைக்காட்சியிலிருந்து ஆவி வெளியேறும் காட்சியும் நாவலில் இல்லை. அங்கே சாவுக்கு உருவமே கிடையாது. குறித்த நேரத்தில் இதயம் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். இன்று உலகம் முழுவதும் ‘ரிங்கு’ என்றதும் நினைவுக்கு வரும் காட்சி, ஆக, மூலத்துக்குத் துரோகம் செய்த காட்சி. ரியே இனோ என்ற நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைத் தலைகீழாக ஓடவிட்டார் நகாதா. அந்த நடையில் ஏதோ சரியில்லை என்று கண் உடனே கண்டுகொள்கிறது. என்னவென்று சொல்ல மனத்துக்குத் தெரிவதில்லை. கணினி வித்தை எதுவும் அந்த அச்சத்தை விஞ்சியதாக எங்களுக்குத் தெரியவில்லை.

சதாகோவின் வேர்கள் ஜப்பானிய வரலாற்றில் இருக்கின்றன. கிணற்றிலிருந்து எழும் பெண்ணாவி அவர்களுக்குப் பழைய தொன்மம். எசமானனின் பத்துத் தட்டுகளில் ஒன்றைத் தொலைத்ததாகப் பழிசுமத்தப்பட்டுக் கொல்லப்பட்டு, கிணற்றுக்குள்ளிருந்து ஒன்பது வரை எண்ணி அலறும் ஒகிகு என்ற பணிப்பெண்ணின் கதை 1741இலேயே பொம்மலாட்ட நாடகமாக மேடையேறியது. இது பலரும் அறிந்த செய்தி. அதிகம் பேசப்படாதது இன்னொரு வேர்.

1910இல் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிஞர் தொமோகிச்சி ஃபுகுராய், குமமோத்தோவைச் சேர்ந்த சிசுகோ மிஃபூனே என்ற பெண்ணுக்கு மூடிய பொருளுக்குள் இருப்பதைப் பார்க்கும் ஆற்றல் உண்டு என்று அறிவித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அறிஞர்கள் முன்னிலையில் சோதனை நடந்தது. இயற்பியலாளர் கெஞ்சிரோ யமகாவா எழுத்துகள் எழுதிய தாளை ஈயக் குழாயில் அடைத்துக் கொடுத்தார். சிசுகோ சரியாகச் சொன்னார்; ஆனால் அவர் சொன்னது யமகாவா கொடுத்த குழாயில் இருந்ததை அல்ல, பயிற்சிக்காக ஃபுகுராய் முன்பே கொடுத்திருந்த குழாயில் இருந்ததை. பத்திரிகைகள் விடுமா? 1911 ஜனவரியில் அவர் நஞ்சருந்தி உயிர்விட்டார். வயது இருபத்து நான்கு. ஒளிப்படத் தகட்டில் எண்ணத்தாலேயே உருவம் பதிப்பவர் என்று கூறப்பட்ட இகுகோ நகாவோவும் மோசடிக் குற்றச்சாட்டுகளுக்கிடையே அதே ஆண்டு நோயுற்று இறந்தார். ஃபுகுராய் பிறகும் ஓயவில்லை. அவர் 1913இல் வெளியிட்ட நூலில் இடம்பெற்ற மூன்றாவது பெண்ணின் பெயர் சதாகோ தகாஹாஷி. அந்த நூலோடு அவருடைய பல்கலைக்கழக வாழ்வும் முடிவுக்கு வந்தது.

படத்தில் சதாகோவின் தாய் ஷிசுகோ பத்திரிகையாளர் கூட்டத்தின் முன் இதே போன்ற சோதனைக்கு உட்படுகிறாள். மோசடி என்று கத்துகிறார்கள். பின்னர் இஸு ஓஷிமா தீவின் மிஹாரா எரிமலையில் குதித்துச் சாகிறாள். அந்த எரிமலையும் சும்மா தேர்ந்தெடுக்கப்பட்டதல்ல. 1933இல் ஒரு மாணவி அதன் வாயில் குதித்த செய்தி பரவியதும், அதே ஆண்டில் பல நூறு பேர் அங்கே போய்க் குதித்தார்கள். ஒரு சாவின் செய்தி இன்னொரு சாவை உண்டாக்கும் தொற்று, ஒளிநாடா பிறப்பதற்கு முன்பே அந்தத் தீவில் நிகழ்ந்திருந்தது. படம் இதைச் சொல்லிக்காட்டுவதில்லை. எரிமலையின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறது. 1998இன் ஜப்பானிய ரசிகருக்கு அந்தப் பெயரே போதுமாக இருந்திருக்கும்.

இனி ‘ரசென்’. முதல் படத்தில் மகனைக் காப்பாற்றக் கிளம்பிய தாயை நெஞ்சில் சுமந்தபடி அமர்ந்திருக்கும் ரசிகருக்கு, அதே இருக்கையில், சிறிது நேரத்துக்குள் சொல்லப்படுகிறது: தாயும் மகனும் கார் விபத்தில் இறந்துவிட்டார்கள். இதை யார் மன்னிப்பார்? அதோடு நில்லாமல், சாபத்துக்கு மருத்துவ விளக்கம் தரப்படுகிறது. ரியூஜியின் உடலை அறுத்துப் பார்க்கும் மருத்துவர் அந்தோ, அம்மைக் கிருமியை ஒத்த ஒன்றைக் காண்கிறார். சாபம் என்பது வைரஸ். மரபணுவில் எழுதப்பட்ட செய்தி. கிணறும் கூந்தலும் போய், நுண்ணோக்கியும் ஆய்வுக்கூட வெளிச்சமும் வந்துவிடுகின்றன. விளக்கம் வந்தால் பயம் போய்விடும் என்பது முதல் கட்சியின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. படமாக்கமும் மந்தம்தான், நகாதாவின் மௌனத்துக்குப் பிறகு ஈதாவின் உரையாடல்கள் தொலைக்காட்சித் தொடர்போல் ஒலிக்கின்றன.

ஆனால் கதையைக் கவனியுங்கள். நாவலில் நிருபர் தமக்கு நேர்ந்ததை எழுதிவைத்த குறிப்பேடே கிருமியின் அடுத்த உடலாகிறது. நாடா தேவையில்லை, வாசித்தாலே போதும். அந்தக் குறிப்பேட்டின் பெயர் ‘ரிங்கு’. அது நூலாக அச்சேறுகிறது, படமாகவும் ஆகப்போகிறது. அதாவது வாசகர் கையில் இருக்கும் புத்தகமே சபிக்கப்பட்ட பிரதி. அந்தோ தண்ணீரில் மூழ்கிய தன் மகனை இழந்தவர். மறுபிறப்பு எடுத்த சதாகோ அந்த மகனைத் திரும்பத் தருவதாகச் சொல்கிறாள். விலை, உலகத்தில் கிருமியைப் பரவவிடுவது. அவர் சம்மதிக்கிறார்.

இங்கேதான் நாங்கள் கட்சி மாறினோம். ‘ரிங்கு’வின் முடிவில் ரெய்கோ செய்யப்போவது என்ன? தன் மகனுக்காகத் தன் தந்தையைச் சாவின் வரிசையில் நிறுத்தப் போகிறாள். தந்தை யாருக்குக் காட்டுவார்? அவர் காட்டியவர் யாருக்குக் காட்டுவார்? தாய்ப்பாசம் என்று நாம் கண்கலங்கிய அதே செயலை ‘ரசென்’ கணக்குப் போட்டு, மீதியைக் காட்டுகிறது. முதல் படம் தாயின் முகத்தோடு நிறுத்திக்கொண்டதால் நாம் அவள் பக்கம் நின்றோம். இரண்டாவது படம் அந்த நாடா போய்ச்சேரும் இடம் வரை போனதால் அதை வெறுத்தோம். ரசிகர்கள் தண்டித்தது மந்தமான படமாக்கத்தை மட்டுமா என்ற சந்தேகம் எங்களுக்கு இருக்கிறது.

‘லூப்’ நாவலோ இன்னும் ஒரு படி போய், இதுவரை நடந்த யாவும் ஒரு கணினிக்குள் ஓடிய பாவனை உலகம் என்கிறது. அதைப் படமாக்க யாரும் துணியவில்லை.

1999இன் ‘ரிங்கு 2’ நாவல் எதையும் பின்பற்றாதது. ரெய்கோவின் தந்தை இறந்துவிட்டார் என்று தொடங்குகிறது, சிறுவன் உயிரோடிருக்கிறான். நகாதாவின் கைநேர்த்தி பல காட்சிகளில் தெரிகிறது. இருந்தும், தண்ணீர் நிரம்பிய குளத்தில் சாபத்தை இறக்க முயலும் அறிவியல் சோதனையில் படம் முடியும்போது, விளக்கம் கூடாது என்று ‘ரசெ’னை ஒதுக்கியவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. 2000இல் நொரியோ ட்சுருதா இயக்கிய ‘ரிங்கு 0’ சதாகோவை நாடகக் குழுவொன்றில் சேர்ந்த கூச்சமுள்ள இளம்பெண்ணாகக் காட்டியது. அழகான படம், அதில் நாம் அஞ்சுவது சதாகோவை அல்ல, அவளைச் சூழ்ந்திருக்கும் மனிதர்களை.

பிறகு ஹாலிவுட். கோர் வெர்பின்ஸ்கியின் 2002 மறு ஆக்கம் ஏறக்குறைய 25 கோடி டாலர் ஈட்டியது. 2005இல் அதன் இரண்டாம் பாகத்தை இயக்க நகாதாவையே அழைத்தார்கள். தன் படத்தின் நகலுக்குத் தானே தொடர்ச்சி எடுக்கும் விதி ஓர் இயக்குநருக்கு வாய்த்தது. படம் சோபிக்கவில்லை.

ஜப்பானில் 2012இல் சதாகோ முப்பரிமாணத்தில் வந்தாள், நாடாவை விட்டு இணையத்துக்கு மாறினாள். அப்பட விளம்பரத்துக்காகப் பேஸ்பால் ஆட்டமொன்றில் முதல் பந்தை வீசவும் செய்தாள். 2016இல், இன்னொரு படத்தொடரின் ஆவியான கயகோவோடு அவளை மோதவிட்டார்கள். ஒளிநாடாப் பெட்டிகளை அதுவரை தயாரித்துவந்த ஃபுனாய் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியதும் அதே ஆண்டுதான். 2022இல் வந்த ‘சதாகோ டிஎக்ஸ்’ ஏழு நாள் கெடுவை ஒரே நாளாகக் குறைத்துவிட்டது.

2019இல் பிரிட்டனில் வெளியான ஒரு வட்டுத் தொகுப்பில் நகாதாவின் இரண்டு படங்களும் ட்சுருதாவின் படமும் தலைப்பில் நிற்கின்றன. ‘ரசென்’ உபரிச் சேர்க்கைகளின் பட்டியலில், நேர்காணல்களோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை வாங்கிவந்த நண்பர் முதல் கட்சியைச் சேர்ந்தவர். 1998 ஜனவரியில் காட்டப்பட்டபடியே இரண்டையும் அடுத்தடுத்து ஒரே இரவில் பார்ப்போம் என்று கேட்டோம். ‘ரிங்கு’ முடிந்ததும் எழுந்து போய்விடுவேன், அந்தச் சிறுவன் காரில் உயிரோடிருக்கும்போதே எழுந்துவிடுவேன் என்ற நிபந்தனையோடு சம்மதித்திருக்கிறார்.