செப்புத் தகட்டில் ஓர் அமைச்சரின் முகம்

நிழற்படக் கருவி தோன்றுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஒருவரின் முகத்தை நாடறியச் செய்வதற்கு ஐரோப்பியர் நாடியது செப்புத் தகட்டைத்தான். பரோக் கலை ஓங்கியிருந்த 17ஆம் நூற்றாண்டில், பிரான்சு நாட்டில் இக்கலையில் தலைசிறந்து விளங்கியவர் ரொபேர் நான்தேய். ரீம்ஸ் நகரில் பிறந்த இவர் 200க்கும் மேற்பட்ட உருவப்படங்களைச் செதுக்கியுள்ளார்.

முதலில், எதிரே அமர்ந்திருப்பவரை நேரில் பார்த்து வரைந்துகொள்வார். பின்னர், கூரிய எஃகு உளியால் அவ்வுருவத்தைத் தகட்டில் கீறுவார். கீறல்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் படம் தாளில் பதியும். வலம் இடமாக மாறிவிடும் என்பதால் எழுத்துகளை இடவலம் மாற்றியே வெட்ட வேண்டும்! நான்தேயின் படங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குங்கள். கன்னத்தில் சிறு புள்ளிகளும் குறுங்கோடுகளும் இருக்கும். ஆடையிலோ நீண்ட கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். வண்ணம் ஏதுமின்றித் தோலையும் துணியையும் வேறுபடுத்திக் காட்டிய திறம் அது.

இத்தொழிலைக் கைவினைச் சங்கங்களின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரச் சிலர் முயன்றனர். ஆனால், 1660இல் பதினான்காம் லூயி மன்னர் பிறப்பித்த ஆணை, செதுக்கோவியம் சுதந்திரமான கலை என அறிவித்தது. இவ்வாணை பிறக்க நான்தேயின் செல்வாக்கும் துணைநின்றது.

மறு ஆண்டிலேயே அவர் நிக்கொலா ஃபூக்கேயைச் செதுக்கினார். 1653 முதல் அரசின் நிதிப் பொறுப்பை வகித்த பெருஞ்செல்வர் ஃபூக்கே. தோளில் புரளும் முடி, அகன்ற வெள்ளைக் கழுத்துப்பட்டை, அமைதியான பார்வை. அம்முகத்தில் அச்சத்தின் சாயலே இல்லை. 1661 ஆகஸ்டு 17ஆம் நாள், தாம் கட்டிய வோ-லெ-விகோந்த் மாளிகையில் அவர் மன்னருக்குப் பெருவிருந்து படைத்தார். மூன்றே வாரங்களில், செப்டம்பர் 5ஆம் நாள், நாந்த் நகரில் தார்த்தஞான் என்னும் படைத்தலைவர் அவரைக் கைது செய்தார். (அலெக்சாந்தர் துமாவின் புதினங்களில் வருபவர் இவரே.) வழக்கு மூன்றாண்டுகள் நீண்டது. நீதிமன்றம் நாடு கடத்தும்படி தீர்ப்பளித்தது. மன்னரோ அதனை ஆயுட்சிறையாக மாற்றினார். தண்டனையைக் குறைக்கும் மன்னர்களை வரலாற்றில் காண்கிறோம், கூட்டியவர் அரியவரே.

ஃபூக்கேயின் வீழ்ச்சிக்கு வழிவகுத்த கோல்பேரையும் நான்தேய் பலமுறை செதுக்கினார். தொழில்திறனில் இருவர் படங்களுக்கும் வேறுபாடில்லை. ஆயினும், ஃபூக்கேயின் முகத்தில்தான் எனது பார்வை நெடுநேரம் நிற்கிறது. நான்தேய் 1678இல் மறைந்தார். பீஞ்ஞரோல் கோட்டைச் சிறையில் ஃபூக்கே 1680 வரை உயிர்வாழ்ந்தார்.