இரத்தமேற்றலும் தட்டணு எதிர்ப்பொருள்களும்

ஏற்றப்பட்ட இரத்தத்தின் அணுக்களை அயலானவை என உணர்ந்து, பெற்றவரின் உடல் அவற்றுக்கு எதிராக உருவாக்கும் புரதங்களே எதிர்ப்பொருள்கள். சிவப்பணுக்களையும், பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்களையும் இவை அழிக்கவல்லவை.

வரலாறு

வியன்னாவில் காரல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் ஏ, பி, ஓ வகைகளை விளக்கினார். வகை பொருந்திய இரத்தமும் சிலருக்கு ஒவ்வாததன் காரணம், 1940இல் ஆர்எச் காரணி வெளிப்பட்டபோதுதான் தெளிவாயிற்று. 1950இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாரிங்டன், தட்டணுக் குறைவு நோயாளியின் இரத்தத்தைத் தமக்கே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் சரிந்தன. அவற்றை அழிக்கும் பொருள் இரத்தத்திலேயே இருப்பது புலனாயிற்று. 1961இல் ஷுல்மன் குழுவினர், இரத்தமேற்றிய சில நாள்களில் தட்டணுக்கள் குறைந்து தோலில் ஊதாப் புள்ளிகள் தோன்றும் நோயை விவரித்தனர். முன்பு கருவுற்ற பெண்களிடமே இது பெரும்பாலும் காணப்படுகிறது.

மேற்கு மலைத்தொடரில்

1952இல் ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம், சிவப்பணுக்கள் அரிவாள் வடிவம் கொள்ளும் அரிவாளணுப் பண்பைக் கண்டறிந்தனர். நீலகிரியை அடுத்த பாலக்காட்டு அட்டப்பாடியில் வாழும் இருளர், முடுகர், குறும்பரிடமும் அரிவாளணுச் சோகை நோய் உண்டு. கடுஞ்சோகையில் இவர்களுக்கு மீண்டும் மீண்டும் இரத்தம் தேவைப்படலாம். ஒவ்வொரு முறையும் புதிய எதிர்ப்பொருள் உருவாகும் வாய்ப்பு உண்டு. காலப்போக்கில் அது சோதனைக்கு அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடும். ஒவ்வாத இரத்தம் மறுபடி ஏறினால் விரைந்து பெருகி, சில நாள்களில் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

தடுப்பு

வெள்ளணு நீக்கிய தட்டணுக்கள் எதிர்ப்பொருள் உருவாவதைக் குறைப்பதை 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வு நிறுவியது. எதிர்ப்பொருள் உருவானோர் விகிதம் 45 விழுக்காட்டிலிருந்து 17 முதல் 18 விழுக்காடாகத் தாழ்ந்தது. தேவையற்ற ஏற்றலைக் குறைப்பதும் தடுப்பே: டெங்குக் காய்ச்சலில் இரத்தக் கசிவு இல்லாதபோது, எண்ணிக்கை குறைந்ததற்காக மட்டும் அவசரப்பட்டுத் தட்டணு ஏற்றுவதையும் தவிர்க்க வேண்டும்.

அட்டப்பாடியிலிருந்து ஆனைகட்டி வழியே கோவைக்கும், இடுக்கி மறையூரிலிருந்து உடுமலைக்கும் சிகிச்சைக்குச் செல்வோர் உண்டு. ஒரு மருத்துவமனையில் கண்டறிந்த எதிர்ப்பொருள் மற்றொன்றின் சோதனையில் தென்படாமல் போகலாம். ஆகவே இரத்தம் ஏற்றிய நாள், வகை, கண்ட எதிர்ப்பொருள் ஆகியவற்றை எழுதிய அட்டையை ஒவ்வொரு நோயாளிக்கும் தரவேண்டும். மாநில எல்லை கடந்து செல்லும்போது அதைத் தவறாமல் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.