பொம்பேயில் ஒரு கேள்வி

வெசுவியஸில் நெருப்பு இல்லை என்பது பத்து வயது மகனுக்குப் பெரும் ஏமாற்றம். எரிமலை என்றால் சிவப்பாக ஏதாவது வழிந்தாக வேண்டும் அவனுக்கு. தம்பி ரோமில் பணிபுரிவதால் வாய்த்த விடுமுறைப் பயணம் அது. ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் வரை வாகனம் செல்கிறது. எஞ்சிய சரளைச் சரிவை ஆறு வயது மகளைப் பாதி நடத்தியும் பாதி சுமந்தும் கடந்தோம். விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் சாம்பல் நிறப் பள்ளம். பாறை இடுக்கில் மெல்லிய ஆவி. 1944ஆம் ஆண்டு மார்ச்சில் சீறியதோடு தூங்குகிறது என்றேன். "முழிச்சுக்கிட்டா?" என்றாள் மகள். கீழே கடற்கரை நெடுக வீடுகள்.

முசிறியைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் பிளினியின் பெயரை உச்சரித்து வந்திருக்கிறேன். மிளகுக்காகவும் பிற பண்டங்களுக்காகவும் ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதே என்று புலம்பியவர். முசிறியையும் பாண்டியனின் மதுரையையும் தம் நூலில் குறித்தவர். கி.பி. 79இல் இந்த மலை வெடித்தபோது எதிர்க்கரையான மிசேனத்தில் அவர் கடற்படைத் தளபதி. முதலில் அந்த விந்தையைக் காணவும், பின்னர் மக்களை மீட்கவும் கப்பல்களைச் செலுத்திச் சென்று ஸ்டாபியே கரையில் மாண்டார். இதை ஒருமுறைகூட வகுப்பில் சொன்னதில்லை. பதினேழு வயது மருமகன் மட்டும், உடன் வர அழைத்தும், படிக்க வேண்டும் என்று தங்கிவிட்டான். பிற்காலத்தில் வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு அவன் எழுதிய இரு கடிதங்களே நேரில் கண்டவர் சாட்சியாக நமக்குக் கிடைத்திருப்பவை. "படிப்பு ஒருத்தனைக் காப்பாத்தியிருக்கு பார்" என்று மகனிடம் சொல்லும் வாய்ப்பைத் தகப்பனாகிய ஆசிரியன் நழுவவிடுவானா?

மறுநாள் பொம்பே. 1748இல் அகழத் தொடங்கியும் நகரின் மூன்றிலொரு பங்கு இன்னும் மண்ணுக்குள். தெருவைக் கடக்கப் போட்டிருந்த மேடைக்கற்களில் பிள்ளைகள் தாவினார்கள். வண்டிச் சக்கரங்கள் தேய்த்த பள்ளத்தில் மகள் தன் கையை வைத்துப் பார்த்தாள். நாயைப் பற்றி எச்சரிக்கும் வாசல் சித்திரத்தின் முன் நெடுநேரம் சிரிப்பு. அதன்பின் தப்பியோடியோர் தோட்டத்துக்கு வந்தோம். பிள்ளைகளைத் தவிர்த்து அழைத்துப் போயிருக்கலாமோ என்று மனைவி கேட்டாள். அதற்குள் அவர்கள் கண்ணாடியில் முகம் பதித்துவிட்டார்கள். உள்ளே பதின்மூன்று பேர். சிலர் குழந்தைகள்.

சாம்பல் உடலைச் சுற்றி இறுகியது. தசை மக்கி, எலும்புகள் கிடக்கும் குழி எஞ்சியது. 1863இல் ஜுசெப்பே ஃபியோரெல்லி அத்தகைய குழிகளில் சாந்துக் குழம்பை ஊற்றி மண்ணை நீக்கினார். ஆடையின் மடிப்புகூடப் பதிந்து வந்தது. காலியிடம் மனிதராயிற்று. அந்த மனிதருக்குக் கதை கட்டும் வேலையை நாம் எடுத்துக்கொண்டோம்.

"இந்தப் பாப்பாவோட அம்மா யாருப்பா?" என்றாள் மகள். அருகிலிருந்த உருவத்தைக் காட்டி, "அவங்கதான்" என்றேன். தயக்கமே இல்லை.

இரவு தூக்கம் வரவில்லை. பொம்பேயின் இன்னொரு வீட்டில், பொற்கங்கணம் அணிந்த ஓர் உருவமும் மடியில் ஒரு குழந்தையும் கிடைத்தன. தாயும் பிள்ளையும் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டது. காப்பணிந்தவர் பெண்ணாகத்தானே இருக்க வேண்டும்! 2024இல் வெளியான மரபணு ஆய்வு அந்த உருவம் ஆண் என்றும், குழந்தைக்கும் அவருக்கும் இரத்த உறவு இல்லை என்றும் கண்டது. அந்தச் செய்தியை வாசித்தவன் நான். வாசித்திருந்தும் தோட்டத்தில் அதே கதையைத்தான் சொன்னேன். அம்மா இல்லாத குழந்தையை என் மகளுக்குக் காட்ட எனக்குத் துணிவில்லை. மாணவன் இப்படி ஒரு விடை எழுதினால் சான்று எங்கே என்று ஓரத்தில் சிவப்பு மையால் கேட்டிருப்பேன்.

காலை உணவின்போது சொன்னேன்: "நேத்து நான் சொன்னது எனக்குத் தெரியாதும்மா. அவங்க அம்மாவா இல்லையான்னு யாருக்கும் தெரியாது." கங்கண வீட்டுக் கதையையும் சொன்னேன். அழுவாள் என்று மனைவி கண்ணால் எச்சரித்தாள்.

ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்போ யாரோ ஒரு மாமா அந்தப் பாப்பாவைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாராப்பா?"

இருக்கலாம் என்றேன்.