விதி
விதி (பெ.): 1. நெறி, கட்டளை. 2. ஊழ். 'வகுத்து வைத்தல்' என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து வந்தது. விதித்தல், விதிவிலக்கு, புணர்ச்சி விதி ஆகியவை முதற்பொருளில் வரும். தலைவிதி இரண்டாம் பொருளில்.

ஜான் ஹார்ப்பர் 2013-இல் வடிவமைத்த 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில் இவ்விரு பொருளும் கைகோக்கின்றன. விதிகள் அனைத்தும் ஒரே பக்கத்தில் அடங்கும். ஆட்டக்காரர் 2 முதல் 5 வரை ஓர் எண்ணைத் தேர்கிறார். அறிவைக் கொண்டு செய்யும் காரியத்துக்குப் பகடை அந்த எண்ணுக்குக் கீழே விழவேண்டும். உணர்வைக் கொண்டு செய்வதற்கு மேலே. எண் 4 என்று வைப்போம். 5 விழுந்தால் பேச்சு பலிக்கும், இயந்திரம் பணியாது. சரியாக 4 விழுந்தால் வெற்றியோடு ஒரு கேள்வியும் கேட்கலாம். கதை நடத்துபவர் உண்மையைச் சொல்லவேண்டும். நெறி இவ்வளவு சுருங்கியதால்தான் ஊழுக்கும் கற்பனைக்கும் இங்கே இத்தனை இடம்.