"புரை முத்தட்டும்" என்ற பழைய விதி

வயதானவர்கள் பார்வை மங்குகிறது என்று சொன்னால் நம் பக்கத்து வீடுகளில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, "கண்ணாடியை மாத்துங்க." மற்றது, "புரை விழுந்திருக்கு, நல்லா முத்தட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." இரண்டும் நல்லெண்ணத்தில் சொல்வதுதான். முதல் பதில் தவறினால் பணம் போகும். இரண்டாவது தவறினால் கண்ணே போகலாம். அந்த இரண்டாவது பதில் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இலுப்பூரில் என் வயதுக்காரர்கள் பலர் இன்னும் அந்த விதியையே நம்பிக்கொண்டிருப்பதால் அதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்வோம். நாற்பது வயதை ஒட்டிக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகி, கிட்டத்து எழுத்து தெரியாமல் போவது வெள்ளெழுத்து. சாளேசுவரம் என்றும் சொல்வோம். லென்ஸ் தெளிவாகத்தான் இருக்கும். அதன் வளையும் சக்திதான் குறைந்திருக்கும். அதற்குக் கண்ணாடி போதும். புரை என்பது அந்த லென்ஸே மங்கிப்போவது. அழுக்குப் படிந்த ஜன்னலுக்கு முன்னால் எந்தக் கண்ணாடியைப் பிடித்தாலும் வெளியே உள்ளது தெளியாது.

இது இன்று எளிதாகத் தெரிகிறது. ஐரோப்பாவிலேயே நெடுங்காலம் இது தெரியாது. நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் புரைக்குக் 'கத்தராக்த்' என்று பெயர். அருவிக்கும் அதே சொல்தான். தலையிலிருந்து ஏதோ ஒரு கெட்ட நீர் இறங்கிக் கண்மணிக்கு முன்னால் திரையாக உறைகிறது என்று நம்பியதால் வந்த பெயர் அது. 1705-இல் பிரிசோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இறந்துபோன ஒரு போர்வீரரின் கண்ணை அறுத்துப் பார்த்து, மங்கியிருப்பது லென்ஸ்தான் என்று காட்டினார். பாரிஸ் அறிஞர் சபை உடனே ஏற்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டது.

நம் நாட்டில் புரைக்குச் சிகிச்சை மிகப் பழையது. சுசுருத சம்ஹிதையிலேயே அது சொல்லப்பட்டிருக்கிறது. கண்ணில் கூரிய கருவியைச் செலுத்தி, மங்கிய லென்ஸை வழியிலிருந்து விலக்கிவிடுவார்கள். வெளிச்சம் உள்ளே வரும், ஆள் நடமாடுவார். ஆனால் லென்ஸ் கண்ணுக்குள்ளேயே கிடக்கும். சீழ் பிடித்தும் அழுத்தம் ஏறியும் பார்வை போனவர்கள் ஏராளம். சென்னை எழும்பூர் கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலைவராக இருந்த எலியட், ஊர் ஊராகச் சென்று இப்படிப் புரை தள்ளியவர்களிடம் சிக்கிக் கெட்டுப்போன கண்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். நமக்குப் பக்கத்துத் தஞ்சாவூரில், 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகளும் கண்ணின் படங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன.

லென்ஸைத் தள்ளிவிடாமல் வெளியே எடுக்கும் முறையை 1747-இல் தொடங்கியவர் தவியேல் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர். "முத்தட்டும்" என்ற விதிக்குக் காரணம் இந்த முறையில் இருந்தது. அரைகுறையாக மங்கிய லென்ஸை எடுத்தால் அதன் பிசுபிசுப்பான பகுதி உள்ளே ஒட்டிக்கொண்டு புண்ணாகும். முற்றினால் சுத்தமாக வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. லென்ஸ் போன கண்ணுக்குப் பிளஸ் பத்து அளவில் தடித்த கண்ணாடி வேண்டும். நாம் சோடாபுட்டி என்று கேலி பேசினோமே, அதுதான். அதில் எல்லாம் நான்கில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், ஓரங்கள் வளையும். ஒரு கண் நன்றாக இருக்கும்போது மறு கண்ணை மட்டும் இப்படிச் செய்தால் இரண்டு கண்ணின் உருவமும் சேராது. ஆகவே இரண்டு கண்ணும் பயன்படாமல் போகும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். அறுவை முடிந்தபின் தலையின் இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து, நாள் கணக்கில் அசையாமல் படுக்க வைத்த காலம் அது. அந்தக் காலத்துக்கு அந்த விதி சரியானதே.

விதியை மாற்றியது ஒரு சிறிய பிளாஸ்டிக் வில்லை. இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் பிளாஸ்டிக் கூரை நொறுங்கி, அதன் துண்டுகள் விமானிகளின் கண்ணில் தங்கியும் கண் அதை எதிர்க்காததை லண்டன் மருத்துவர் ஹரால்டு ரிட்லி கவனித்தார். 1949-இல் அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். சோடாபுட்டிக்கு விடை கிடைத்தது. ஆனால் விலை ஏழைக்கு எட்டவில்லை.

அதை எட்ட வைத்தது மதுரை. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். புதுச்சேரி அரவிந்தரின் பெயரைத்தான் வைத்தார். பிறகு 1992-இல் ஆரோலேப் என்ற நிறுவனம் அங்கேயே லென்ஸ் செய்யத் தொடங்கியது. நூறு டாலருக்கு மேல் கொடுத்து வெளிநாட்டிலிருந்து வாங்கிய பொருள் பத்து டாலர் அளவுக்கு வந்தது. பள்ளிக்கூடங்களில் நடந்த கண் முகாம்களும், பச்சைத் துணி கட்டி வேனில் திரும்பிய பெரியவர்களும் நம் நினைவில் உண்டு.

இன்று முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அன்றாட வேலைக்கு இடைஞ்சல் வந்தால் எடுத்துவிடலாம். மாறாக, விட்டுவிட்டால் லென்ஸ் கல்போல் இறுகி அறுவை கடினமாகும். மிதமிஞ்சி முற்றினால் அதன் கசிவால் கண் சிவந்து, வலித்து, அழுத்தம் ஏறும். அப்போது பார்வை நரம்பு போனால் திரும்பாது.

சரி, மங்கலுக்குக் காரணம் எது என்று எப்படிச் சந்தேகிப்பது? கண்ணாடி பழசானால் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் மட்டும் மங்கும். பேப்பரைத் தள்ளிப் பிடிப்போம், நெற்றி வலிக்கும். புரை என்றால் எந்தத் தூரமும் புகைபோல இருக்கும். எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு சிதறிக் கூசும், வெள்ளை வேட்டி பழுப்பாகத் தெரியும். கண்ணாடி போட்டபடி ஒரு கண்ணை மூடி, அட்டையில் குண்டூசியால் போட்ட துளை வழியே காலண்டரைப் பாருங்கள். எழுத்து தெளிந்தால் பவர் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். தெளியாவிட்டால் புரையோ வேறு கோளாறோ இருக்கலாம். மறு கண்ணையும் இப்படியே தனியாகப் பார்க்க வேண்டும். இது தீர்ப்பு அல்ல, மருத்துவரிடம் போகத் தூண்டும் குறிப்பு மட்டுமே.

ஒரு ஏமாற்று உண்டு. எழுபது வயதில் சிலர் திடீரென்று கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிப்பார்கள். "தாத்தாவுக்குப் பார்வை திரும்பிடுச்சு" என்று வீடே மகிழும். லென்ஸின் நடுப்பகுதி புரையால் இறுகும்போது கிட்டப்பார்வை ஏறுவதால் வரும் நிலை இது. கொஞ்ச நாளில் அதுவும் மங்கும். ஆகவே பவர் அடிக்கடி மாறுவதே புரையின் அறிகுறியாக இருக்கலாம். சர்க்கரை ஏறி இறங்கினாலும் பவர் மாறும். சர்க்கரை கட்டுக்குள் வந்தபிறகு கண்ணாடி எழுதி வாங்குங்கள்.

கடையில் பவரைத்தான் அளப்பார்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, லென்ஸையும் பின்னால் உள்ள நரம்பையும் பார்ப்பது கண் மருத்துவர்தான். வலியே இல்லாமல் பார்வையைத் தின்னும் கண் அழுத்த நோயும் அங்கேதான் பிடிபடும். போகும்போது பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தேதிவாரியாக ஓர் உறையில் போட்டு எடுத்துப் போங்கள். இரண்டு வருடத்தில் பவர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்பதை அந்தச் சீட்டுகள் மருத்துவருக்குச் சொல்லிவிடும்.