முகாமில் பிறந்தவர்களின் ஊர்

இலங்கைத் தமிழர் முகாம்களிலிருந்து படிக்கப் போகும் பிள்ளைகளின் அடையாளச் சிக்கலை மனத்தடுமாற்றமாகவே பலர் பார்க்கிறார்கள். பெற்றோரின் ஊர் ஒன்று, வளர்ந்த ஊர் வேறு, அதனால் இரண்டிலும் ஒட்டவில்லை என்பது அந்தப் பார்வை. கும்மிடிப்பூண்டி முகாமுக்கோ புழல் காவாங்கரை முகாமுக்கோ இது பொருந்தாது. இங்கே பிறந்த பிள்ளை அரசுப் பள்ளியில் சமச்சீர்ப் பாடம் படிக்கிறது, பக்கத்து ஊர்ப் பிள்ளையோடு அதே பொதுத்தேர்வை எழுதுகிறது. தான் யார் என்பதில் அதற்குக் குழப்பமில்லை. குழப்பம் குடியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதற்குத் தேதிகளே சாட்சி.

இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பின் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு எம்.ஜி.ஆர். அரசு பள்ளிகளைத் திறந்துவிட்டது. தொழிற்கல்லூரிகளிலும் இடம் ஒதுக்கியது. 1984இல் தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம் பிள்ளைகளின் படிப்பையே தன் முதன்மைப் பணிகளில் ஒன்றாக வைத்துக்கொண்டது. உடுத்த துணியோடு வந்தவர்கள் படிப்பைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் அந்தக் கதவு சாத்தப்பட்டது. கல்லூரி ஒதுக்கீடு போயிற்று, சேர்க்கைக்கே தடை வந்தது. ஒரு கொலைக்கான தண்டனை, அதில் எந்தப் பங்கும் இல்லாத மாணவர்கள் மீது விழுந்தது. 1996இல் ஆட்சி மாறிய பிறகே ஒதுக்கீடு திரும்பியது. இடையில் பள்ளி முடித்தவர்களுக்கு அந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை.

சட்டத்தின் கதை இதைவிடக் கடுமையானது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். ஒன்றரை ஆண்டு பிந்திப் பிறந்திருந்தால் அந்த வழக்கே நின்றிருக்காது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது வந்தவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளில் அநேகமாக எல்லாருமே அந்தத் தேதிக்கு அப்பால்தான்.

இவர்களை இந்தியராக்கினால் இலங்கையில் தமிழர் பலம் குறையும், நாடு திரும்புவதே நிரந்தரத் தீர்வு என்ற மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. ஈழ மண்ணின் மீதான உரிமையை நேசிப்பவர்கள் சொல்வது அது. திரும்ப விரும்புவோருக்கு வழி திறந்திருக்கவே வேண்டும். ஆனால் ஓர் அரசியல் கணக்குக்காக, அங்கே ஒரு நாள்கூட வாழாத பிள்ளையை இங்கே நாடற்றவராக வைத்திருப்பது நியாயமாகாது. அதோடு, முகாம்களில் மலையகத் தமிழரும் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள். 1948இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சாஸ்திரியும் சிறிமாவோவும் அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். இந்தியா ஏற்பதாகக் கையெழுத்திட்டதில் கணிசமான பகுதி நிறைவேறாமலே போனது. பலர் கலவரங்களுக்குத் தப்பி வவுனியா, கிளிநொச்சிக்கு நகர்ந்து, அங்கிருந்தும் போரால் விரட்டப்பட்டு மண்டபத்தில் இறங்கினார்கள். அவர்களைப் பொறுத்தவரை இது தாயகம் திரும்பியதுதான்.

கடவுச்சீட்டு இல்லாமல் வந்தது குற்றமல்லவா என்பது இன்னொரு கேள்வி. குண்டுக்குத் தப்பிப் படகேறியவரிடம் விசா கேட்பது பொருளற்றது. அரசே அவர்களைப் பதிவு செய்து, குடியிருப்பும் உதவித்தொகையும் தந்து, முகாமில் ஆள்கணக்கும் எடுத்துவருகிறது. இதில் ஒளிந்திருப்பவர் யார்? 2019இல் திருச்சி கொட்டப்பட்டு முகாம் வழக்கில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னார். அதே ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைக் குறிப்பிட்டு, இலங்கையை விட்டுவிட்டது. 2021இல் தமிழக அரசு முகாம்வாசிகளுக்காக 317.40 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தது. வீடும் கல்வி உதவியும் தேவையானவைதான். ஆனால் குடியுரிமை வழங்க மாநிலத்துக்கு அதிகாரமில்லை. அதனால்தான் பட்டம் பெற்றவரும் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல், கூலிக்கு வண்ணம் பூசப் போகிறார். 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, ஆவணமின்றி நுழைந்ததற்கான தண்டனையிலிருந்து விலக்கியது. தண்டிக்கத் தேவையில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகு, பதிவு மூலம் குடியுரிமை கேட்கும் விண்ணப்பத்தை வாங்க மறுப்பதற்கு அரசின் கையில் என்ன காரணம் மிஞ்சியிருக்கிறது?