காவிரிக் குடும்பம்

காவிரிக் குடும்பம் என்பது நீர்ப் பகிர்வுக்குக் கலவரமின்றி வழிகாண 2003இல் தமிழக, கர்நாடக உழவர்கள் சேர்ந்து அமைத்த குழு. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனப் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் இதற்கு முன்முயற்சி எடுத்தார். மன்னார்குடி எஸ். ரங்கநாதன், மண்டியா பகுதியின் கே.எஸ். புட்டண்ணய்யா ஆகிய உழவர் தலைவர்கள் இதில் பங்கேற்றனர்.

இக்குழு ஏன் தேவைப்பட்டது என்பதை 1991இன் பெங்களூரு சொல்லும். காவிரி நடுவர் மன்றம் அவ்வாண்டு ஜூன் 25 அன்று, தமிழகத்துக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் தர வேண்டும் என இடைக்கால ஆணை இட்டது. டிசம்பரில் அது மத்திய அரசிதழில் வெளியானதும் நகரில் கலவரம் மூண்டது. தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன, உயிர்கள் பலியாயின, பல்லாயிரம் பேர் எல்லை தாண்டி ஓடினர். அடிபட்டவர்களில் பலர் கூலித் தொழிலாளர்கள், காவிரிப் பாசனத்தில் ஒரு குழி நிலம்கூட இல்லாதவர்கள். வழக்கு ஆற்றைப் பற்றியது. வெறுப்போ மொழியின் மேல் பாய்ந்தது.

அல்சூர் ஏரியருகே பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் நிறுவிய திருவள்ளுவர் சிலையும் அந்த ஆண்டு முதல் 18 ஆண்டுகள் திறக்கப்படாமலே இருந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. நல்லெண்ணத்துக்கு அது பெரிய செயல்தான். ஆனால் பருவமழை பொய்க்கும் ஆண்டில் யார் எவ்வளவு குறைத்துக்கொள்வது என்ற கேள்வியைச் சிலைகளால் தீர்க்க முடியாது.

காவிரிக் குடும்பம் கைவைத்தது அந்தக் கேள்வியில்தான். 2002இல் தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது. இரு பக்கமும் போராட்டம் கொதித்தது. அதன் பிறகே உழவர்கள் ஒரே மேசைக்கு வந்தனர். சென்னையிலும் பெங்களூருவிலும் கூட்டங்கள் நடந்தன. டெல்டாக்காரர் மண்டியா வயல்களையும், மண்டியாக்காரர் டெல்டாவின் காய்ந்த வாய்க்கால்களையும் நேரில் பார்த்தனர். எதிர்த்தரப்பு செழிப்பாக இருந்துகொண்டே வஞ்சிக்கிறது என்ற எண்ணம் அங்கே தளர்ந்தது. தென்மேற்குப் பருவமழை தவறினால் கிருஷ்ணராஜ சாகர் அணையும் நிரம்பாது, ஜூன் 12இல் மேட்டூரும் திறக்காது, குறுவையும் போகும். வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் வரும் அந்த இடைவெளிதான் சண்டைக் காலம். பற்றாக்குறை ஆண்டுக்கான பகிர்வு முறை ஒன்றைப் பற்றிக் குழு பலமுறை விவாதித்தது. அரசுகள் அதை ஏற்கவில்லை. இந்த விவகாரத்தில் இழந்த ஆகப் பெரிய வாய்ப்பு இதுவே எனலாம்.

2016 செப்டம்பர் 12இல், தமிழகத்துக்கு நீர் திறக்கச் சொன்ன உச்ச நீதிமன்ற ஆணையையொட்டிப் பெங்களூருவில் தமிழகப் பேருந்துகள் எரிந்தன. துப்பாக்கிச்சூட்டில் ஒருவர் இறந்தார். 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போடப்பட்டது. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அளித்த இறுதித் தீர்ப்பு தமிழகப் பங்கை 177.25 டி.எம்.சி. ஆக்கியது, பெங்களூருவின் குடிநீருக்கென 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கியது. தீர்ப்பு வந்த இரண்டாம் நாள் புட்டண்ணய்யா காலமானார். அவ்வாண்டு ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைந்தது. 2023இல் மழை குறைந்தபோது செப்டம்பர் 26இல் பெங்களூரு பந்த் நடந்தது. பழைய அளவில் தாக்குதல்கள் இல்லை. பற்றாக்குறைக் காலப் பகிர்வு குறித்து இரு மாநிலங்களுக்கும் உடன்பாடு அப்போதும் எட்டப்படவில்லை.